ஆளைக் குறைப்பதன் செலவை யார் தாங்குவது? கால்பந்து சம்மேளனத்துக்கும் கிளப்களுக்கும் ஒரு திறந்த மடல்

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழுவுக்கும், சம்பளத் தகராறுகளை விசாரிக்கும் வீரர் தகுதிநிலைக் குழுவுக்கும், நாட்டின் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல்., அதற்கு அடுத்த நிலையான ஐ-லீக் (இப்போது இந்தியன் ஃபுட்பால் லீக்) கிளப்களை நடத்துவோருக்கும்

வணக்கம்.

ஒரு வீரரை அணியை விட்டு அனுப்பும் தாள் பெரும்பாலும் ஒரே பக்கம். மேலே கிளப்பின் சின்னம். ‘இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வரி. ‘எனக்குச் சேரவேண்டியது முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த மன்றத்திலும் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்’ என்று இன்னொரு வரி. கீழே கையெழுத்துக்கு இடம். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்பது கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் போடுகிறார். வீரர்கள் கிளப் மாறப் பதிவு திறந்திருக்கும் காலம், அதாவது பரிமாற்ற விண்டோ, மூட நான்கு நாள்தான் இருக்கிறது. வேறொரு கிளப் கூப்பிட்டிருக்கிறது. பழைய கிளப் பதிவில் இருந்து விடுவித்தால்தான் புதிய கிளப் அவரைப் பதிய முடியும். ரிலீஸ் வேண்டுமா, பாக்கி வேண்டுமா என்று நிறுத்திக் கேட்டால் 26 வயது வீரர் ரிலீஸைத்தான் கேட்பார். ஆடாமல் உட்கார்ந்த ஒரு பருவம் அவர் விலையைப் பாதியாக்கிவிடும்.

வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதும், பாக்கிக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், நோட்டீஸ் தயாரிப்பதும் எங்கள் வேலை. அணியில் ஆள் குறைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பயிற்சியாளர் மாறுவார், ஆட்ட முறை மாறும், பணம் குறையும், ஆளும் குறையும். குறைப்பது கிளப்பின் முடிவு என்றால் அதன் செலவும் கிளப்பின் கணக்கில் விழவேண்டும். இன்று அது வீரர் தலையில் விழுகிறது. விதிப்புத்தகத்தில் ஓட்டை இருப்பதால் மட்டும் இது நடக்கவில்லை. விதிக்கும் பணத்துக்கும் நடுவில் நாட்கள் ஓடுகின்றன, அந்த நாட்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணிக் காட்டத்தான் இந்த மடல்.

2025இல் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்துகிறோம். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் வணிகப் பங்காளிக்கும் இடையில் 2010 டிசம்பரில் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. முடியும் தேதி 15 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்து என்ன என்பது முடிவாகாததால், ஜூலை 11 அன்று, பருவம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று கிளப்களுக்குத் தகவல் போனது. ஆகஸ்டில் ஒரு கிளப் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது; ஒன்று ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது; இன்னொன்று முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் வெளியான டெண்டருக்கு நவம்பர் கெடுவுக்குள் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. 2026 ஜனவரி 6 அன்றுதான், பிப்ரவரி 14 முதல் 14 கிளப்கள், ஒற்றைச் சுற்று, 91 ஆட்டம் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். அணிக்கு 13 ஆட்டம். லீக் இல்லாத அந்த ஏழு மாதமும் வீட்டு வாடகை இருந்தது, தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருந்தது, வண்டிக் கடன் தவணை இருந்தது. ‘இடைநிறுத்தம்’ என்ற சொல்லே வழக்கமான கால்பந்து ஒப்பந்தத்தில் கிடையாது. ஒப்பந்தம் உயிரோடு இருந்தால் சம்பளம் உண்டு. முடித்துவிட்டால் ஈட்டுத்தொகை உண்டு. நடுவில் தொங்கவிட்டபோது இரண்டும் இல்லை, வேறு கிளப்புக்குப் போகவும் வழியில்லை.

விதி என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விதியில் நாட்கள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள்.

ஃபிஃபாவின் வீரர் தகுதிநிலை, பரிமாற்ற விதிகளில் 14பிஸ் என்ற பிரிவு இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளமாவது உரிய தேதியில் வராவிட்டால், வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, முழுப் பாக்கியையும் தீர்க்க 15 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குள் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஒப்பந்தப் பாதுகாப்புக் கொள்கைகளைத் தேசிய விதிகளிலும் கொண்டுவர வேண்டும் என்று ஃபிஃபா ஒவ்வொரு சம்மேளனத்திடமும் கேட்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வீரர் ஆகஸ்ட் 1 அன்று வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் 5, செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 5 என்பது ஒப்பந்தம். இரண்டும் வரவில்லை. அக்டோபர் 6 அன்றே நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார். 15 நாள் கழிந்து அக்டோபர் 22 வாக்கில்தான் அவர் முறிக்க முடியும். அதற்குள் 80 நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் உழைத்துவிட்டார். கோடை விண்டோவும் மூடியிருக்கும். கிளப்பின் தவறால் வெளியேறியவரை விண்டோவுக்கு வெளியே பதிய விதிவிலக்கு கேட்கலாம். ஆனால் அதைக் கேட்டு, பதில் வாங்கி, அவருக்காக இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும் கிளப்பும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஜனவரிதான். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை ஐந்து மாதம், ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அவர் செய்ததெல்லாம் விதிப்படி, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் செய்தது. பெரும்பாலானோர் அப்படிச் செய்வதில்லை. ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்ற சொல்லை நம்பி நவம்பர் வரை காத்திருக்கிறார்கள்.

இந்த நோட்டீஸில் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உங்கள் குழுவுக்கு வரும் மனுக்களில் பாதி அங்கேதான் பலவீனப்படுகிறது. வீரர் வாட்ஸ்அப்பில் டீம் மேனேஜரிடம் கேட்டிருப்பார். ‘சார், சாலரி?’ என்று இருக்கும், ‘பிராசஸ் ஆகிட்டிருக்கு’ என்று பதில் இருக்கும். அது நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு, எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், 15 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதிப் போகவேண்டும். பல வீரர்களால் அது முடிவதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலே அவர்களிடம் இல்லை. சம்மேளனத்தின் வீரர் பதிவு அமைப்பில் ஏற்றிய பிரதி கிளப்பிடமும் உங்களிடமும் இருக்கிறது. வீரர் கையில் இருப்பது கையெழுத்துப் போட்ட அன்று கைபேசியில் எடுத்த மங்கலான படம். அதிலும் கடைசிப் பக்கம் மட்டும். ஒப்பந்தம் பதிவேறிய மறுநாளே முழுப் பிரதியும் வீரரின் சொந்த மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும்படி அமைக்க எவ்வளவு செலவாகும்? இந்த மடலில் நாங்கள் கேட்பவற்றுள் மிக மலிவானது இது. அதனால் முதலில் கேட்கிறோம்.

பாக்கி ஒரு மாதம் மட்டும் என்றால் அதே ஃபிஃபா விதிகளில் 12பிஸ் என்ற பிரிவு இருக்கிறது. 30 நாளுக்கு மேல் தாமதமானால், எழுத்தில் கேட்டு 10 நாள் கெடு கொடுத்து, புகார் செய்யலாம். இங்கே இதைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. அணியில் இருந்துகொண்டே கிளப் மேல் புகார் கொடுத்த வீரர் அடுத்த வாரம் எங்கே பயிற்சி செய்வார் என்று நமக்கெல்லாம் தெரியும். மைதானத்தின் ஓரத்தில், உடற்பயிற்சி ஆசிரியரோடு, தனியாக. அப்படித் தனியே ஒதுக்கி வைத்து, தானாக ஓடிப்போக வைப்பதும் விதிப்படி குற்றம்தான். ஆனால் அதை நிரூபிக்கச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே கிளப்பில் சம்பளம் வாங்கும் மற்ற வீரர்கள்.

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக்கில் ஆட்டம் வேறு, பணம் வேறு. இருந்தாலும் ஆள் குறைப்பு என்றதும் உலகம் நினைப்பது அதைத்தான். கோடைப் பயிற்சி முகாமில் அணிக்கு 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் 53 ஆக்க வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் சுமார் 1,180 பேர் வெளியே. பெரும்பாலானோரின் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதமே கிடையாது. கொடூரமான ஏற்பாடு என்று அங்கேயே சொல்வார்கள். ஆனால் எந்த நாள் குறைப்பார்கள் என்பது முன்பே தெரியும். குறைத்தவர்களில் அணிக்கு 16 பேரைப் பயிற்சி அணியில் வாரச் சம்பளத்துக்குத் திரும்ப எடுக்கலாம். முகாமில் அடிபட்டவரைச் சும்மா அனுப்ப முடியாது; குணமாகும்வரை சம்பளம், அல்லது காயத்துக்கு ஒரு தொகை பேசி எழுத்தில் முடிக்க வேண்டும். நான்கு பருவம் ஆடிய மூத்த வீரர் முதல் ஆட்டத்தின்போது அணியில் இருந்து பிறகு நீக்கப்பட்டால், அந்தப் பருவத்தின் மீதிச் சம்பளத்தை வாழ்நாளில் ஒருமுறை கேட்டுப் பெறலாம். இத்தனையும் சங்கத்தோடு பேசி எழுதி வைத்தது. நம் நாட்டில் தாளில் இருப்பது அதைவிடப் பலமான உரிமை. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது பருவ இறுதிவரை, பருவத்தின் நடுவில் ஒருதலையாக முறிக்கக் கூடாது. கையில் கிடைப்பதோ அவர்களுடையதைவிடக் குறைவு. உத்தரவாதமில்லாத ஒப்பந்தக்காரருக்கு அங்கே இருக்கும் தேதியும் ஒழுங்கும், உத்தரவாதமுள்ள ஒப்பந்தக்காரருக்கு இங்கே இல்லை.

இனி பணக் கணக்கு. பத்திரிகையில் வருவது முதல் வரிசை வீரர்களின் தொகை. நாங்கள் சொல்வது பெஞ்சில் இருப்பவரை, ஐ-லீக் ஆடுபவரை. மாதம் 1 லட்சம், 10 மாத ஒப்பந்தம் என்று ஓர் எடுத்துக்காட்டை எடுப்போம். மொத்தம் 10 லட்சம். வீரரைச் சம்பளக்காரராக வைக்காமல் ‘தொழில்முறைச் சேவை’ தருபவராகக் காட்டி 10% டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பது வழக்கம், விளையாட்டு வீரர்களை அந்தப் பட்டியலில் வரித்துறை 2008இலேயே சேர்த்துவிட்டது. ஆக மாதம் 90,000. ஏஜெண்டுக்கு 5% என்றால் 5,000 போகும். கையில் 85,000. பத்து மாதத்துக்கு எட்டரை லட்சம். ஆனால் ஆண்டுக்கு 12 மாதம். வகுத்தால் மாதம் 70,000 சொச்சம். கடைசி இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால் 6.8 லட்சம், மாதத்துக்கு 57,000க்கும் கீழே. இதில் ஷூ, சப்ளிமென்ட், பருவம் இல்லாத மாதங்களில் சொந்தச் செலவில் ஜிம், பிசியோ. வைப்புநிதி கிடையாது, பணிக்கொடை கிடையாது, ஆடும் வாழ்க்கை முப்பது தாண்டிச் சில ஆண்டில் முடியும். இதுவும் மற்ற எட்டு மாதமும் ஒழுங்காகச் சம்பளம் வந்த வீரரின் கணக்கு.

அந்த டி.டி.எஸ்.ஸில் இன்னொரு குழி. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு, தள்ளுபடி போக, வரி இல்லை. ஆகவே இந்த வீரரிடம் பிடித்த 1 லட்சமும் அவருக்குத் திரும்ப வரவேண்டிய பணம். வேலையில்லாத மாதங்களில் அவரிடம் இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான் என்றுகூடச் சொல்லலாம். கிளப் பிடித்த வரியை அரசுக்குக் கட்டிக் காலாண்டுக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வீரரின் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அது ஏறும். தள்ளாடும் கிளப் முதலில் நிறுத்துவது இதைத்தான். சம்பளம் வராவிட்டால் வீரர் கத்துவார், டி.டி.எஸ். கட்டாவிட்டால் அடுத்த ஜூலை வரை யாருக்கும் தெரியாது. பிடித்த வரியை வீரரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று சட்டம் காப்பாற்றுகிறது, ஆனால் பட்டியலில் இல்லாத பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வீரர்களிடம் நாங்கள் சொல்வது: ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் ஆகிய நான்கு மாதங்களின் நடுவில் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள், வரி பிடித்ததற்குக் கிளப் தரவேண்டிய சான்றான 16ஏ படிவத்தைக் கேளுங்கள். உங்களிடம் கேட்பது: லீக்கில் ஆடுவதற்கான லைசென்சுக்குக் கிளப் தரும் தாள்களில் வீரர்வாரியான 16ஏ படிவங்களையும் கட்டாயமாக்குங்கள்.

காயத்தைப் பற்றி எழுதும்போது எங்களுக்குக் கை கனக்கிறது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்தால் அறுவைக்குப் பிறகு களம் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும், பலருக்கு ஓராண்டு. ஒப்பந்தம் பத்து மாதம். செப்டம்பரில் கிழிந்தால், மே 31 அன்று ஒப்பந்தம் முடியும்போது வீரர் இன்னும் நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டிருப்பார். திரும்பி வெட்டி ஓட அனுமதி கிடைத்திருக்காது. கிளப் எடுத்த குழுக் காப்பீடு ஒப்பந்தத்தோடு முடிகிறது. காயம் தேறும் பயிற்சியின் கடைசி மூன்று மாதம்தான் வீரர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கும்; அந்த மூன்று மாதத்துக்கு அவருக்குப் பிசியோவும் இல்லை, ஜிம்மும் இல்லை. ஊருக்குப் போகிறார். வலி குறைந்ததும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்குப் பணத்துக்காக இறங்குகிறார். மறுபடி கிழிகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை முதல் சென்னை வியாசர்பாடி வரை, கால்பந்தை நம்பி வளர்ந்த எந்தத் தெருவிலும் இப்படி ஒரு முழங்காலைப் பார்க்கலாம். தேசிய அணிக்கு ஆடும்போது வீரர் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், கிளப்புக்கு அவர் சம்பளத்தை ஈடுசெய்ய ஃபிஃபா ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கிளப்புக்கு ஆடி அடிபட்ட வீரரை ஒப்பந்தம் முடிந்த பிறகு தாங்க அப்படி ஒன்று இங்கே இல்லை.

ஆகவே ஒப்பந்தப் படிவத்தில் ஒரு பிரிவு சேருங்கள். ஆட்டத்திலோ பயிற்சியிலோ அடிபட்டவரின் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், கிளப்பைச் சாராத ஒரு எலும்பு மருத்துவர் ‘ஆடத் தகுதி’ என்று எழுதும் வரை, அல்லது அறுவை நடந்த நாளிலிருந்து 12 மாதம் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை, மருத்துவச் செலவும் பாதிச் சம்பளமும் கிளப்பின் பொறுப்பு. சில ஒப்பந்தங்களில் இதற்கு நேர்மாறான வரி இருக்கிறது: மூன்று மாதம் ஆட முடியாவிட்டால் கிளப் முறித்துக்கொள்ளலாம் என்று. அப்படிப்பட்ட வரியோடு வரும் ஒப்பந்தத்தைப் பதிவு அமைப்பு ஏற்கவே கூடாது.

முன்பெல்லாம் சென்னையில் ஆடிய வீரருக்கு விழுந்தால் தாங்க ஒரு வலை இருந்தது. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், ஏ.ஜி. அலுவலகம் என்று அலுவலக அணிகள். சம்பளம் குறைவு, ஆனால் ஆட்டம் முடிந்தாலும் மேசை இருக்கும். தொழில்முறை லீக் வந்தபோது இளைஞர்கள் அந்தக் கதவை விட்டு இந்தக் கதவுக்கு வந்தார்கள். வரச் சொன்னது நாம்தான். வெளியே தள்ளப்பட்ட பிறகு பழைய கதவுக்குத் திரும்ப முடிகிறதா? தொழில்முறை வீரராகக் கடைசியாக ஆடிய நாளிலிருந்து 30 நாள் கழிந்தால்தான் அமெச்சூராக, அதாவது ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவராக, மறுபதிவு செய்ய முடியும். அது சிறிய தடை, அதற்குள் உள்ளூர் லீக்கின் பதிவு மூடாமல் இருந்தால். பெரிய தடை வயது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் 18 முதல் 25 வயதுக்குள் சேரவேண்டும், தளர்வு இல்லை. அங்கே கணக்கில் எடுப்பது சமீப ஆண்டுகளின் தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டிச் சாதனைகளை. 21 வயதில் கிளப் ஒப்பந்தம் போட்டு, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குப் போகாமல், 27 வயதில் வெளியே வரும் வீரரிடம் வயதும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஐ.எஸ்.எல்., ஐ-லீக் ஆட்டங்களையும் ஒதுக்கீட்டுக்கான தகுதியாகச் சேர்க்கவும், தொழில்முறை ஒப்பந்தத்தில் கழிந்த ஆண்டுகளை வயது வரம்பில் கழிக்கவும் ரயில்வேயிடமும் மாநில அரசுகளிடமும் கேட்க வேண்டியவர் நீங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, இங்கிருந்தே தொடங்கலாம்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறோம். பாக்கி வைத்த கிளப்புக்கு நீங்கள் தருவது பதிவுத் தடை: புதிய வீரரைப் பதிய முடியாது. அடுத்த பருவம் ஆட நினைக்கும் கிளப்புக்கு அது உறைக்கும். மூட நினைக்கும் கிளப்புக்கு அது ஒன்றுமே இல்லை. 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்று, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கை நிறைத்த சென்னை சிட்டி, 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கில் இல்லை. புனே சிட்டி 2019இல் மறைந்து அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. 2025இல் அந்த இடம் டெல்லிக்குப் போய் வேறு பெயர் பெற்றது. டெல்லி டைனமோஸ் ஒடிசாவானது. ஊரும் பெயரும் ஜெர்சி நிறமும் மாறும்போது ரசிகர் மனம் உடைகிறது, அதற்கு மருந்தில்லை. ஆனால் பழைய பெயரில் இருந்த பாக்கி எந்தக் கணக்கில் போகிறது என்பதற்கு மருந்து உண்டு: விளையாட்டு வாரிசாக வரும் கிளப் பழைய கடனுக்குப் பொறுப்பு என்ற ஃபிஃபாவின் கொள்கை. இடமாற்றத்துக்கு ஒப்புதல் தரும் தாளிலேயே, வீரர்வாரியான பாக்கிப் பட்டியலை இணைப்பாகச் சேர்த்து, புதிய உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் ஒப்புதல் என்று வையுங்கள்.

லைசென்ஸ் விதியில் ஊழியர் பாக்கி இருக்கக் கூடாது என்று ஏற்கனவே எழுதியிருக்கிறது. பிறகு விதிவிலக்கும் தரப்படுகிறது, லீக்குக்கு அணி எண்ணிக்கை வேண்டும் என்று. அந்த நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. அதனால்தான் நாங்கள் முக்கியமாகக் கேட்பது தண்டனையை அல்ல, முன்பணத்தை.

ஒவ்வொரு கிளப்பும் பருவத்துக்கு முன், தன் மொத்த வீரர், ஊழியர் சம்பளத்தில் மூன்று மாதத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் ஒன்றைச் சம்மேளனத்திடம் வைக்கவேண்டும். ஏன் மூன்று? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 14பிஸ் விதியை ஒரு நாளும் தவறாமல் பின்பற்றும் வீரருக்கே 80 நாளுக்கு மேல் பாக்கி சேர்ந்துவிடுகிறது. விதியே உண்டாக்கும் அந்த இடைவெளியை மூடும் தொகை அது. சம்பளத் தேதி கடந்து 30 நாளானதும், வீரர் எழுத்தில் கேட்டு, 10 நாளில் கிளப் பணம் கட்டிய வங்கிச் சான்றைக் காட்டாவிட்டால், உத்தரவாதத்திலிருந்து நேராக வீரர் கணக்குக்குப் பணம் போகவேண்டும். விசாரணை பிறகு நடக்கட்டும். உத்தரவாதம் குறைந்தால் 14 நாளில் நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை புதிய பதிவு இல்லை. வங்கிக் கட்டணமும், அதற்கு ஈடாக முடங்கும் வைப்புத்தொகையும் கிளப்புக்குச் சுமை என்று சொல்வீர்கள். உண்மை. மூன்று மாதச் சம்பளத்தை முன்னால் காட்ட முடியாத கிளப் பத்து மாத ஒப்பந்தம் போடுவது அதைவிடப் பெரிய சுமை, அதைச் சுமப்பவர் வேறு ஆள் என்பதுதான் வித்தியாசம்.

குறைப்புக்கு ஒரு தேதி வேண்டும். விண்டோ மூடுவதற்கு 21 நாள் முன்பே, யாரை வைத்துக்கொள்கிறோம் என்ற பட்டியலைக் கிளப் பதிவில் ஏற்றவேண்டும். அதற்குப் பிறகு அனுப்பப்படும் எவருக்கும் பருவ இறுதிவரை முழுச் சம்பளம். 21 நாள் என்பது ஒரு வீரர் வேறு கிளப்போடு பேசி, மருத்துவப் பரிசோதனை முடித்து, பதிவாகத் தேவைப்படும் குறைந்த அவகாசம். லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்பினால், சம்பளத்தில் எந்தக் கிளப் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் தரும் என்பது லோன் தாளிலேயே இருக்கட்டும். இரண்டு கிளப்பும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு மாதங்கள் ஓடுவது லோனில்தான் அதிகம்.

இந்த மடலின் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒற்றைப் பக்கத் தாளுக்கு நீங்களே ஒரு படிவம் கொடுங்கள். அதில் மாதவாரியாகப் பாக்கி, போனஸ், பிடித்த டி.டி.எஸ்., நடந்துகொண்டிருக்கும் மருத்துவம், பணம் தரும் தேதி எல்லாம் கட்டங்களாக இருக்கட்டும். ‘மேற்கண்ட தொகை வீரரின் வங்கிக் கணக்கில் முழுமையாகச் சேர்ந்த பிறகே உரிமைத் துறப்பு செல்லும், ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே தரவேண்டியதாகும்’ என்ற வரி அச்சிலேயே இருக்கட்டும். கையெழுத்திட்ட பின் 7 நாளுக்குள் அந்தக் கையெழுத்தை வீரர் திரும்பப் பெறும் உரிமை வேண்டும். ரிலீஸுக்கும் இந்தத் தாளுக்கும் முடிச்சுப் போடக் கூடாது: ஒப்பந்தம் முடிந்தது என்று கிளப் எழுதிய நொடியில் பதிவு தானாக விடுபட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பேரம் பேசும் கருவி கிளப் கையை விட்டுப் போய்விடும். படவுரிமைக்கு (வீரரின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமைக்கு) என்று தனித் தாளில் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிரித்து எழுதுவதையும் இதே கண்ணால் பாருங்கள். பாக்கி என்று மனு வந்தால் ‘அது வேறு ஒப்பந்தம், இந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை’ என்று தப்பிக்க அந்தத் தாள் உதவுகிறது.

தகுதிநிலைக் குழுவுக்கு: சர்வதேசத் தகராறுகளில் ஃபிஃபாவிடம் போகும் வீரரிடம் வழக்குச் செலவு வாங்குவதில்லை. இங்கும் பாக்கி மனுவுக்கு எந்தக் கட்டணமும் வேண்டாம். மனு வந்து 45 நாளில் தீர்ப்பு என்று காலக்கெடு வையுங்கள். வீரர்கள் சங்கம் பரிந்துரைக்கும் ஒருவர் குழுவில் இருக்கட்டும். மனுக்களைத் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் மணிப்புரியிலும் மிசோவிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த மொழிகள் பேசும் வீடுகளிலிருந்துதானே உங்கள் வீரர்கள் வருகிறார்கள்?

இதெல்லாம் சம்மேளனத்தின் கைக்கு அப்பாற்பட்டது என்று சொல்ல முடியாது. மகளிர் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு ரூ. 3.2 லட்சமாவது தரவேண்டும் என்று 2023இல் முடிவெடுத்தது நீங்கள்தான். கிளப்களின் சம்பளக் கணக்கில் தலையிடும் அதிகாரம் இருக்கிறது என்று அன்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

அடுத்த பருவத்துக்கான பதிவு திறக்கும் முன் முடிக்கக் கூடியவை மூன்று: ஒப்பந்த நகல் வீரருக்குப் போவது, முடிவுப் படிவம், தானாக விடுபடும் பதிவு. மூன்றுக்கும் பெரிதாகப் பணம் வேண்டாம், செயற்குழுவின் ஒரு தீர்மானம் போதும். வங்கி உத்தரவாதத்துக்குக் கிளப்களோடு பேச நேரம் வேண்டும் என்றால், முதல் ஆண்டு ஒரு மாதத் தொகை, இரண்டாம் ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு மூன்று என்று படிப்படியாக ஏற்றுங்கள். வரைவுப் படிவமும், உத்தரவாதத்துக்கான வரிகளும் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் மறுநாள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் கால்பந்து வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுப்போர்